பதினெட்டு அடிச் சரிவு

சாணக்யபுரியை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு எவர்சில்வர் தட்டு. அங்கே ஒரு மாநிலத்து விருந்தினர் விடுதியின் சமையற்கட்டில் ஏழு மாதம் பாத்திரம் தேய்த்தேன், காய் நறுக்கினேன். அன்று காலை கான்டிராக்டர் மாறிவிட்டார். புதியவர் தன் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் இறங்கினார்கள், நாங்கள் வெளியே வந்தோம். சண்டை எதுவும் இல்லை. அரிசி மூட்டை எந்த அறையில் இருக்கிறது என்று வந்தவர்களில் ஒருவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. சில இடங்களில் அவர்கள் விட்டார்கள், பல இடங்களில் நானே விட்டேன். ஜங்புராவில் சாக்கடை நாலா ஓரம் மதராசி கேம்பில் ஊர்க்காரர் ஒருவருக்குக் குடிசை இருந்தது. அங்கே படுக்க இடம் கிடைக்கும் என்ற ஒரு நம்பிக்கையில் நடந்தேன். வெங்காய விலையால் தில்லியில் ஆட்சி போனதற்கு மறு வருஷம் அது. மே மாதம். சரோஜினி நகரைத் தாண்டியதும் ரிங் ரோட்டில் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே திரும்பினால் நிழல் இருக்கும் என்று ஒரு காலனிக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காக சிமென்டில் ஒரு சரிவு கட்டியிருந்தார்கள். வாசலில் தொடங்கி, சாக்கடையை மூடி, தெருவுக்குள் மூன்று நான்கு அடி நாக்கை நீட்டியிருந்தது ஒவ்வொன்றும். ஒன்றின் இரு பக்கமும் சிங்கம் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றின்மேல் காவல்காரனுக்கு ஒரு தகரக் கூண்டு. நடுவில் மிஞ்சிய தெருவில் நடப்பவன் கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும். நான் மேலே மர நிழலைப் பார்த்து நடந்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

"அய்யோ, எவன்டா இதத் தெருவுல கட்டினவன்!" என்று கத்தினேன்.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் அளக்கும் டேப். தலையைத் தூக்கினார்.

"தமிழா?"

"ஆமாம் சார்."

"எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

"சரி, இதப் பிடியும்வே. பிடிச்சிக்கிட்டு அப்படியே பின்னால போகணும். நான் சொல்லுத வரைக்கும் நிக்கப் படாது."

விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மறு நுனியை அவர் தன் வாசல் நிலையின் கீழே அழுத்திப் பிடித்திருந்தார். சாக்கடையைத் தாண்டினேன். தெருவுக்கு வந்தேன். ஒரு ஸ்கூட்டர்காரர் பிரேக் போட்டுக் காத்திருந்தார். நான் இன்னும் பின்னால் போனேன். எதிர் வீட்டு இரும்பு கேட் முதுகில் இடிக்கப்போகும் நேரத்தில் "நில்லும்!" என்றார். "பதினெட்டா?"

"பதினெட்டு."

"கேட்டுக்கு எவ்வளவு மிச்சம்?"

"ஒரு அடி இருக்கும் சார்."

கேட்டுக்கு உள்ளே சல்வார் கமீஸில் ஒரு பஞ்சாபி அம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "க்யா கர் ரஹே ஹோ, பையா?" என்ன செய்கிறாய் என்று என்னிடம் கேட்டார். எனக்கே தெரியாததால் பெரியவரைப் பார்த்தேன்.

"உங்க கேட் வரைக்கும் என் ரேம்ப் வரும், பெஹன்ஜி," என்று அவர் இந்தியில் குரல் கொடுத்தார்.

"வரட்டும், வரட்டும். சாய் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மாள்.

அப்போது பெரியவர் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அளந்தாச்சா? இது அஞ்சாவது தடவ. நேத்தைக்கும் பதினெட்டுதான். பூமி என்ன வளந்துக்கிட்டா இருக்கு?"

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனேன். நகத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியதும், சோறு போட்டதும், நாளையிலிருந்து வரமுடியுமா என்று கேட்டதும் அந்த அம்மாதான்.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். பெரியவர் மத்திய அரசில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸிலேயே பெரும்பாலும் காலம் கழித்துவிட்டு, கடைசியில் இந்தத் தரைத்தளத்தை வாங்கியிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். அம்மா எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு இடது கால் சொன்னதைக் கேட்கவில்லை. சக்கர நாற்காலி வந்தது. வீட்டுக்குள் எங்கும் போவார், வாசலோடு சரி. வாசலில் மூன்று படி.

அந்த மூன்று படிகள்தான் விஷயம். அம்மாவுக்குத் தெருவில் இறங்க வேண்டும். கோயிலுக்கோ பூங்காவுக்கோ அல்ல. வாசலுக்கு எதிரே தினம் சாயங்காலம் வந்து நிற்கும் காய்கறி வண்டி வரைக்கும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரியவர் ஒடிக்காமல் வாங்கிவருவார். விலை கொடுக்கும்வரை அது வியாபாரியின் பொருள், பிறத்தியார் பொருளை ஒடிப்பது முறையில்லை என்பார். எட்டு மாதமாக அந்த வீட்டில் முற்றல் வெண்டைக்காய்தான்.

"தூக்கிட்டுப் போலாமேம்மா," என்று முதல் வாரமே கேட்டேன். நானும் பெரியவரும் நாற்காலியோடு தூக்கினோம். இரண்டாவது படியில் அவர் கை வழுக்கியது. நாற்காலி என் பக்கம் சாய்ந்து, நான் அதன் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி, எப்படியோ கீழே விழாமல் நின்றோம்.

"நான் என்ன ஸ்டீல் பீரோவா?" என்றார் அம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சரி, தூக்குங்க. வெண்டிக்கா வாங்க ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனா தெருவே கூடி வேடிக்கை பாக்கும். சரிவு கட்டுங்க. நானா உருண்டு போறேன்."

அதற்குப் பிறகு தன்னைத் தூக்க அவர் விடவில்லை.

அந்தத் தெருவில் சரிவு கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பத்து மூட்டை சிமென்ட், ஒரு கொத்தனார். மற்ற எல்லோரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். எவரும் எவரையும் கேட்கவில்லை. ஆனால் பெரியவர் கேட்டார். சாக்கடை பொது நிலம், அதன்மேல் ஒரு செங்கல் வைக்கவும் மாநகராட்சி வட்டார அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதோடு, சக்கர நாற்காலிக்கான சரிவு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கவேண்டும் என்ற விதியையும் எங்கோ படித்திருந்தார். மூன்று படி, ஒவ்வொன்றும் அரையடி. ஆக ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடி நீளம். அவர் வாசலிலிருந்து தெருவிளிம்பு ஏழு அடி. மிச்சம் பதினோரு அடி தெருவைக் குறுக்கே கடந்து பஞ்சாபி அம்மாள் கேட்டுக்கு ஒரு அடி முன்னால் போய் முடியும். விதிப்படி சரிவு கட்டினால் தெரு இருக்காது.

"அத நாம தீர்மானிக்க முடியாது," என்றார். "கேக்கது நம்ம கடமை. முடியாதுன்னு சொல்லுதது அவங்க கடமை."

என் வேலை மூன்று. அம்மாவுக்குக் கூடமாட உதவி, வீட்டுக்குத் தண்ணீர், பெரியவரோடு வட்டார அலுவலகத்துக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு போவது. காலையில் கேம்பிலிருந்து நடந்து வருவேன். அங்கே ஊர்க்காரர் குடிசையில் ஏழு பேர் படுத்தோம், புரண்டு படுக்கவேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து புரளவேண்டும். இங்கே பகலில் ஃபேனுக்குக் கீழே இருந்தேன். எனக்குக் குறையில்லை.

அலுவலகத்திலிருந்து ஆட்சேபக் கடிதங்கள் வந்தன. பெரியவர் அவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்பார். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் எனக்குச் சொல்வார். ஒன்று வந்தபோது முகமே மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, இங்க வா. என்ன அழகா எழுதியிருக்கான் பாரு!"

"அனுமதி குடுத்துட்டானா?"

"நம்ம வாசலே இல்லேங்கான்."

விஷயம் இதுதான். அந்த வரிசை வீடுகளுக்கு ஆரம்பத்தில் போட்ட வரைபடத்தில் வீடுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. கட்டினவன் இந்த வீட்டை இடம் வலம் மாற்றிக் கட்டிவிட்டான். வரைபடத்தில் வாசல் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது குளியலறை இருக்கிறது. வாசல் இருக்கும் இடத்தில் வரைபடத்தில் வெறும் சுவர். எனவே மனுதாரர் இல்லாத வாசலுக்குச் சரிவு கேட்கிறார். முதலில் வாசலுக்கு அனுமதி வாங்கவும்.

"இத்தன வருஷமா எல்லாரும் செவுத்துக்குள்ள பூந்தா போயிட்டு வந்தோம்?" என்று அம்மா கேட்டார்.

"தப்பு சொல்ல முடியாது. அந்த சீட்டுல நான் இருந்திருந்தா நானும் இதத்தான் எழுதியிருப்பேன்."

"எழுதியிருப்பிய. எத்தன வீட்டு வாசல இப்படி அடைச்சியளோ."

பெரியவர் பதில் தயாரித்தார். தங்கள் கடிதம் எண் இன்னது, நாள் இன்னது, பார்வையில் கண்டவாறு என்று ஆரம்பித்து நான்கு பக்கம். அதற்கு வந்த பதில், நேரில் பார்வையிட ஆள் வருவார் என்றது.

வந்தவர் ஒரு ஜே.ஈ. இளநிலைப் பொறியாளரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முப்பது வயதுகூட இருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த சரிவுகளைப் பார்த்தார். நல்ல மனுஷர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கிள்ஜி, ஏன் கேட்டீங்க?" என்றார் இந்தியில்.

"கேக்காம எப்படிக் கட்ட?"

"அப்படித்தான் கட்டணும். கட்டியிருந்தா என்னால உதவ முடியும். கட்டின ரேம்பை ஒழுங்குபடுத்த எங்ககிட்ட ஃபாரம் இருக்கு. கட்டாத ரேம்புக்கு ஃபாரமே இல்ல."

பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார். பெரியவர் வாங்கி வாசித்தார். மூன்றாவது கட்டத்தில் 'அனுமதியின்றிக் கட்டப்பட்ட தேதி' என்று இருந்தது.

"இதுல நான் என்ன எழுத?"

"இந்த ஞாயித்துக்கிழமை கட்டுங்க. திங்கக்கிழமை தேதியைப் போட்டுக் குடுங்க."

"முதல்ல தப்பு செய்யி, அப்புறம் அனுமதி தாறேங்கீங்க."

"ஹான் ஜி."

"அத எழுத்துல தருவீங்களா?"

ஜே.ஈ.க்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, அம்மா கொடுத்த காபி புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்வையிட்டதற்கான தாளை நிரப்ப ஆரம்பித்தார். தேதி, முகவரி, பெயர் எழுதினார். ரேம்ப் என்ற வரிக்கு எதிரே இரண்டே வார்த்தைகள் அச்சாகியிருந்தன: அனுமதி உண்டு, அனுமதி இல்லை. ஜே.ஈ. இரண்டையும் தொடாமல் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று ஹெல்மெட்டை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் பெரியவர். "இந்தக் கட்டத்த வெறுமனே விட்டிருக்கீங்க."

"ரஹ்னே தீஜியே, அங்கிள்ஜி." இருக்கட்டும் விடுங்கள் என்றார்.

"அது எப்படி? கட்டத்த காலியா விட்டா பின்னால எவனும் என்னத்தையும் எழுதிருவான். பொருந்தாதத அடிச்சிட்டுத்தான் கையெழுத்து போடணும். அனுமதி இருக்கா?"

"இல்ல."

"அப்போ 'உண்டு'ங்கத அடிங்க."

ஜே.ஈ. அவரை ஒரு மாதிரி பார்த்தார். எச்சரிக்கை மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்கே புரிந்தது. பெரியவருக்குப் புரியவில்லை, பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். ஜே.ஈ. அதை வாங்கி ஒரு கோடு இழுத்தார். தாளில் இப்போது 'ரேம்ப்: அனுமதி இல்லை' என்று மட்டும் மிஞ்சியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, மழைக்கு முன்னால் சாக்கடைகளைத் திறக்கவேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு லாரி வந்தது. எட்டு ஆட்கள், சம்மட்டி, கடப்பாரை, இரண்டு போலீஸ்காரர்கள், கையில் தாளோடு ஒரு மேஸ்திரி. தெரு முழுக்க ஒரே பரபரப்பு. பூந்தொட்டிகளை உள்ளே இழுத்தார்கள். காவல் கூண்டுக்குள் இருந்தவன் வெளியே வந்து, தான் இந்தக் கூண்டைச் சேர்ந்தவன் அல்ல என்பது போல நின்றான். மேஸ்திரி சிங்கங்களைக் கடந்தார். கூண்டைக் கடந்தார். பதினோரு சரிவுகளைத் தாண்டி எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார். அந்தத் தெருவில் காகிதத்தில் இருந்த சரிவு எங்களுடையது ஒன்றுதான்.

"ரேம்ப் கஹான் ஹை?" எங்கே என்று கேட்டார்.

"கட்டலியே," என்றார் பெரியவர்.

மேஸ்திரி தாளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இடிக்கணும்னு ஆர்டர் இருக்கு."

பெரியவர் தாளை வாங்கி முழுதும் வாசித்தார். "ஆர்டர் சரியாத்தான் இருக்கு," என்றார். "ஆனா கட்டடம் இல்ல. 'குறிப்பிட்ட கட்டுமானம் அவ்விடத்தில் காணப்படவில்லை'ன்னு எழுதிக்கோங்க."

"அதுக்கு இடம் இல்ல பாபுஜி. இங்க ரெண்டுதான் இருக்கு. 'அகற்றப்பட்டது', 'தடுக்கப்பட்டது'. தடுத்தாங்கன்னு எழுதினா இவங்க உங்களைக் கூட்டிட்டுப் போகணும்." போலீஸ்காரர்களைக் காட்டினார். அவர்களில் ஒருவர் வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மேஸ்திரியின் கண் அந்தப் படியின்மேல் போனது. கடைசிப் படி சாக்கடை மூடிமேல் ஒரு சாண் ஏறியிருந்தது. "இது பிளான்ல இருக்கா?"

நான் பெரியவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கவனிக்கவில்லை. உள்ளே போய் வரைபடத்தைக் கொண்டுவந்து, தரையில் விரித்து, தானே விரல் வைத்துத் தேடினார்.

"வாஸ்தவம். பிளான்படி இந்தப் படி இல்லதான்."

"ஏங்க!" என்று உள்ளேயிருந்து அம்மா அலறினார். "உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? இல்லேன்னு நீங்களே சொல்லுதீங்களே!"

"இல்லாதத இருக்குன்னா சொல்லச் சொல்லுத?"

போலீஸ்காரரை எழுந்திருக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் மூன்று படியும் போய்விட்டது. மேஸ்திரி 'அகற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். பெரியவர் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் நேரமும் எழுதினார். லாரி போய்விட்டது. பூந்தொட்டிகள் திரும்ப வெளியே வந்தன.

வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கியது. பெரியவர் உள்ளே, நான் கீழே. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவருக்கு எழுபதுக்குப் பக்கம் வயது. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு பேரும் ஒரே உயரத்திலிருந்து தெருவைப் பார்த்தார்கள்.

"ஏட்டி," என்றார் அவர். "அந்தக் கட்டத்த நான் நெரப்பச் சொல்லியிருக்கப் படாது."

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உடைந்து கிடந்த செங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தக் கல்லயெல்லாம் எடுத்துட்டுப் போகலியே?"

"மல்பா எடுக்க வேற லாரி வருமாம், அம்மா. அவங்க வேலை இடிக்கறது மட்டும்தான்." இடிபாட்டை தில்லியில் மல்பா என்பார்கள்.

"எப்ப வரும்?"

நான் எதிர் வீட்டைக் காட்டினேன். பஞ்சாபி அம்மாள் மூன்றாவது மாடி எழுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மல்பா இன்னும் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் ஒரு ஆமணக்குச் செடி முளைத்து என் தோள் உயரம் வளர்ந்திருந்தது.

"அத அங்ஙன போட்டு வைக்க அனுமதி வாங்குனாங்களா?" என்று அம்மா பெரியவரைக் கேட்டார்.

"மல்பாவுக்கு என்னத்துக்கு அனுமதி? அது கட்டடம் இல்லியே. கட்டடம் போனா மிஞ்சுதது." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்றைய ஆர்டரின் நகலை எடுத்தார். கடைசிப் பத்திக்கு வந்தபோது குரல் மாறியது. "'இடிபாடுகளை அகற்றும் வரை, போக்குவரத்துக்கு இடையூறின்றி அவற்றை ஒழுங்காகப் பரப்பி வைப்பது உரிமையாளரின் பொறுப்பு.'" தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒழுங்கா. பரப்பி."

"எவ்வளவு தூரத்துக்கு சார்?"

"தூரம் போடலவே!" என்றார். அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதிர் வீட்டு அம்மாளிடம் போய் மல்பாவைக் கேட்டேன். "லே ஜாவோ, சாரா லே ஜாவோ!" எல்லாவற்றையும் கொண்டுபோ என்று கேட்டைத் திறந்துவிட்டார். ஆமணக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுவந்தேன். கனமான கற்கள் கீழே, சில்லுகள் நடுவில், செங்கல் தூள் மேலே. பெரியவர் வாசலில் உட்கார்ந்தபடியே கயிறு கட்டி மட்டம் சொன்னார். பக்கத்துத் தெருவில் வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு திமிசுக்கட்டை இரவல் வாங்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தேன். நடுவில் ஒரு தடவை, ஒரு சட்டி சிமென்ட் கலந்தால் கெட்டியாக நிற்கும் என்றேன்.

"சிமென்ட் போட்டா அது கட்டடம்," என்றார் பெரியவர். "அத நினைக்கவே படாது."

விதிப்படி பதினெட்டு அடி. நாலு அடி அகலம். வண்டிகள் எதிர் வீட்டு ஓரமாக, சரிவு தேய்ந்து தாழ்ந்த இடத்தில் ஏறி இறங்கின. கூண்டு வைத்த வீட்டுக்காரர் காரை நிறுத்தி இறங்கி, இது என்ன என்று கேட்டார். மல்பா என்றோம். யாரிடமாவது புகார் சொல்வேன் என்பது போல வாயைத் திறந்தார். பிறகு தன் கூண்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் காய்கறி வண்டி வந்தது. வெயில் இன்னும் இருந்தது. பெரியவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், நான் முன்னால் பின்புறமாக நடந்தேன். முதல் நான்கு அடி அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்குக் கீழே செங்கல் தூள் நறநறவென்றது. சாக்கடையைத் தாண்டியதும் கண்ணைத் திறந்து, "கைய எடுங்க ரெண்டு பேரும்," என்றார். எடுத்தோம். தானே உருட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

முதல் வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். ஒடிக்காதீர்கள் என்று வண்டிக்காரன் பதறினான். "மாதாஜி, தோடோ மத்!"

"பத்து மாசமா இந்த முத்தலத்தான் எங்க தலையில கட்டுன," என்று அம்மா தமிழிலேயே சொன்னார். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டே போனார். பெரியவர் அவருக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி ஒன்றை எடுத்து, ஒடித்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மா.

"பிஞ்சுதான்," என்றார் அவர், திருடியவர் மாதிரி.

பஞ்சாபி அம்மாள் கொத்தமல்லி வாங்க வந்தார். அவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். மழை வரப்போகிறது என்று மல்பா லாரிகளை நிஜமாகவே விட்டிருக்கிறார்களாம். பின் தெருவில் இரண்டு வருஷக் குவியலையெல்லாம் இன்று மத்தியானம் அள்ளிக்கொண்டு போனார்களாம். நாளைக்கு இந்தத் தெரு.

பெரியவர் உடனே வீட்டுக்குள் போய்க் காகிதம் எடுத்தார். அந்த மல்பாவை மட்டும் அகற்ற வேண்டாம் என்று ஒரு விண்ணப்பம். 'பார்வையில் காணும் ஆணையின் கடைசிப் பத்தியில் கண்டவாறு' என்று எழுதுவது எனக்குக் கேட்டது. அம்மா வெண்டைக்காயை மடியில் வைத்துக்கொண்டு, சரிவின் நடுவில் நாற்காலியை நிறுத்தி உட்கார்ந்திருந்தார். உள்ளே போக அவருக்கு மனமில்லை. என்னைப் பார்த்தார்.

மதராசி கேம்பில் அன்றைக்கு விசாரித்தேன். மல்பா லாரிகள் நிற்கும் இடம் எது, ஆள் எடுப்பது யார் என்று துப்புரவு வேலைக்குப் போகிற ஒருவர் சொன்னார். கூலிக்கு வந்த பீகார்க்காரர்கள் நடவுக்கு ஊருக்குப் போய்விட்டார்களாம், ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்களாம்.

விடிந்ததும் போனேன். மண்வெட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். அவ்வளவுதான் பரீட்சை. பெரியவர் வீட்டு வேலைக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூட வழியில்லை. லாரியில் டிரைவரோடு நாங்கள் ஐந்து பேர். டிரைவருக்குப் படிக்கத் தெரியாது. "உங்கள்ல யாருக்கு எழுத்து தெரியும்?" என்று கேட்டார். பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து இந்தி எழுத்தைக் கற்றிருந்தேன். நான் கையைத் தூக்கியதும் பட்டியலை என் கையில் கொடுத்து, முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

தெருத்தெருவாகப் போனோம். நான் வாசித்தேன், அவர் ஓட்டினார், இறங்கி அள்ளினோம். ஐந்தாவது வரியில் எங்கள் தெரு இருந்தது. நான்காவதை அள்ளி முடித்து வண்டியில் ஏறியதும் டிரைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "அடுத்தது?" என்றார்.

ஆறாவது வரியைப் படித்தேன்.